ஆலையிலிருந்து வந்தபடியே ஒரு ரைபிள்

நான் ஒரு ரைபிள் வாங்கியதைப் பற்றி லண்டனில் எங்கள் சனங்கள் பலவாறு பேசினார்கள். அப்போது நான் ஒருவருக்கும் விளக்கம் கொடுக்கவில்லை. இப்போதும் கொடுக்க முன்வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது வேறு, விளக்கம் கொடுப்பது வேறு. முன்னையதை மட்டும் செய்கிறேன்.

நான் பொறியியல் பட்டம் பெற்றவன். நாட்டில் கலவரங்கள் பெருகுவதற்கு முன்பே, கையில் நியமனத்தோடு இந்த நகரத்துக்கு வந்து, ஒரு கவுன்சிலின் வடிகால் பிரிவில் பணியாற்றினேன். அகதியாக வந்தவன் அல்லன் என்பதை நான் எவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அது என் நடையிலும் உடையிலும் தெரிய வேண்டும் என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன். விம்பிள்டனில் சொந்த வீடு. கடைத்தெருவுக்குப் போவதானாலும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டுதான் போவேன். எண்பதுகளின் நடுப்பகுதியில் என் மனைவி காலமானார். பின்னர் மகள் மணமாகிக் கனடாவுக்குப் போனாள்.

அதன்பின் வீட்டில் கேட்ட ஒலிகள், வெந்நீர்க் குழாய்களின் முனகலும் ரயில் போகும்போது கண்ணாடி அலுமாரி லேசாக அதிர்வதும்தான். வெள்ளி மாலையும் ஞாயிறும் கோயில் இருந்தது. தென் லண்டனில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடந்த சிறிய கோயில் அது. நான் அதன் அறங்காவலர்களில் ஒருவன். முன்வரிசையில் எனக்கென்று ஒரு கதிரை போட்டிருப்பார்கள். என்னோடு பேச வருபவர்கள் மரியாதையோடு வந்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, அதே மரியாதையோடு போய்விடுவார்கள். யாரும் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததில்லை. அப்படி உட்காரும்படி நானும் எவரையும் கேட்டதில்லை.

நான் வேலை பார்த்த கந்தோரில் எனக்கு அடுத்த மேசையில் இருந்தவர் ஓர் ஆங்கிலேயர், நில அளவையாளர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை அவர் என்னைத் தம்முடைய சுடும் கிளப்புக்கு அழைத்துப் போனார். பழைய இராணுவப் பயிற்சி மண்டபம் ஒன்றின் நிலவறையில் அது இருந்தது. வயதானவர்களுக்கும் முதுகு வலிக்காரர்களுக்கும் ஏற்றது பெஞ்ச்ரெஸ்ட் என்றார். கீழே படுக்கத் தேவையில்லை. மேசை முன் கதிரையில் அமர்ந்து, ரைபிளின் முன்பகுதியையும் பின்பகுதியையும் மணல் பைகளின் மேல் வைத்து, தொலைநோக்கி வழியாகப் பார்த்துச் சுட வேண்டும். எதிரே ஓர் அட்டை. அதில் சின்னஞ்சிறு வட்டங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். வட்டத்துக்கு ஒரு துப்பாக்கி ரவை. பலம் தேவையில்லை, வேகமும் தேவையில்லை. மூச்சை நிறுத்தி, விரலைத் தவிர வேறெதையும் அசைக்காமல் இருந்தால் போதும்.

சுடும்போது எவரும் பேசக் கூடாது என்பது அங்கே விதி. என் வீட்டிலும் அதே மௌனம்தான். ஆனால் அங்கே அதைப் பலர் கூடியிருந்து காத்தார்கள். நான் தொடர்ந்து போனேன்.

சில மாதங்களின் பின், சொந்தமாக ஒரு ரைபிள் வாங்க வேண்டிய நிலை வந்தது. கிளப்பின் ரைபிள்கள் பல கைகள் பட்டவை. ஒன்றின் பிடிக்கட்டையை யாரோ அறுத்துக் குறுக்கியிருந்தார்கள். இன்னொன்றின் விசையில் வேறு சுருள்வில் போட்டிருந்தார்கள். போட்டிகளில் இரு வகுப்புகள் உண்டு. ஆலையில் செய்து பெட்டியில் வந்தபடியே இருக்கும் ரைபிள்களுக்கு ஆலை வகுப்பு. கூட்டியும் குறைத்தும் செப்பனிட்டவற்றுக்கும் தனியாகச் செய்வித்தவற்றுக்கும் திறந்த வகுப்பு. ஆலை வகுப்பில் தொலைநோக்கியையும் அதைப் பூட்டும் வளையங்களையும் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது. எதையும் சீவக் கூடாது. எடைக்கும் வரம்பு உண்டு. போட்டி தொடங்குமுன் ஒவ்வொரு ரைபிளையும் பரிசோதிப்பார்கள்.

உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். அளவையாளர் எனக்காகக் கையொப்பமிட்டார். பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் வந்து, சுவரில் பதித்த இரும்புப் பெட்டியை இழுத்துப் பார்த்தார். சுவாமி அறையை எட்டிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றார். யுத்தம் நடக்கும் ஒரு நாட்டைச் சேர்ந்தவன் நான் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. கேட்க வேண்டியவற்றைக் கேட்டார். ஒளிக்க எதுவும் இல்லாதபடியால் பதில்கள் சுருக்கமாக இருந்தன. உரிமம் வந்தது.

எங்கள் கிளப்பில் உறுப்பினராக இருந்த ஒரு வியாபாரி மூன்று ரைபிள்களை நிலவறைக்குக் கொண்டுவந்து காட்டினார். முதலாவது வேட்டைப் பாணியில் செய்த மெல்லிய ரைபிள், கைக்கு இதமானது. ஆனால் அதன் முன்கட்டையின் அடிப்பக்கம் உருண்டையாக இருந்தபடியால் மணல் பையின் மேல் ஒவ்வொரு முறையும் சற்றே சரிந்தது. இரண்டாவது முன்பு ஒருவர் வைத்திருந்தது. குழலும் கட்டையும் சேரும் இடத்தில் பிசின் ஊற்றி இறுக்கி, விசையை இறகு பட்டாலே விழும்படி திருத்தியிருந்தார். அதில் நான் சுட்ட ரவைகள் ஒரே துளைக்குள் போயின. என் வாழ்நாளில் அப்படிச் சுட்டதில்லை. மூன்றாவது ஜெர்மன் ஆலை ஒன்றின் இலக்கு ரைபிள். தடித்த குழல், தட்டையான முன்கட்டை, எண்ணெய் மட்டும் பூசிய வால்நட் மரம். புதியது. இரண்டாவதைப் போலச் சுடவில்லை, மோசமாகவும் சுடவில்லை.

“இரண்டாவதை எடுங்கள். துளையைப் பார்த்தீர்கள்தானே,” என்றார் வியாபாரி.

“அதோடு நான் எந்த வகுப்பில் உட்காருவது?”

“திறந்த வகுப்பில்.”

“அங்கே துளை ரைபிளுடையதா, என்னுடையதா என்று எப்படித் தெரியும்?”

அவர் அளவையாளரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “உங்கள் நண்பருக்கு வெல்ல விருப்பமில்லை,” என்றார்.

அளவையாளர் சொன்னார், “அவருக்கு வெல்ல விருப்பம் உண்டு. தாம்தான் வென்றார் என்று எழுத்தில் வேண்டும். அவர் கவுன்சிலில் வேலை செய்பவர்.”

இருவரும் சிரித்தார்கள். நான் மூன்றாவதை எடுத்தேன். பல கம்பனிகளின் ரவைகளை வாங்கிச் சுட்டுப் பார்த்து, குழலுக்கு ஒத்துப்போன ஒன்றைக் கண்டுபிடிக்க அந்தக் கோடை முழுவதும் போனது. அந்தக் கோடையில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை.

தயக்கம் வேறு இடத்தில் இருந்தது. ரைபிளை நீண்ட கன்வஸ் பையில் வைத்து ரயிலில் கொண்டுபோவேன். நிலையத்துக்குப் போகும் வழியில், பத்திரிகைக் கடை நடத்திய எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். சனிக்கிழமைகளில் வாசலில் நின்று, “என்ன ஐயா, இண்டைக்கும் பையோட?” என்று கேட்பார். நான் தலையசைத்துவிட்டுப் போவேன். பதில் சொல்லாதவனுக்குச் சனங்கள் தாங்களே பதில் செய்துகொடுப்பார்கள். ஐப்பசி வருமுன்பே கோயிலில் கதை பரவிவிட்டது: அறங்காவலர் சனிக்கிழமைகளில் தேம்ஸ் கரைக்கு மீன்பிடிக்கப் போகிறாராம்.

நான் பிறந்தது முதல் முட்டைகூடத் தொடாதவன். மண்டபத்துச் சமையலறையில், நான் கதவுக்கு வெளியே நிற்பது தெரியாமல் ஒருவர் சொன்னார்: “சைவக்காரருக்கு என்ன, பிடிச்சுப்போட்டுத் திரும்ப ஆத்துக்குள்ளயே விடுறாராக்கும்.” மற்றவர், “ஓம் ஓம், மீனுக்குத் திருநீறு பூசி விடுறார்,” என்றார். அகப்பை விழும் அளவுக்குச் சிரித்தார்கள். நான் மறுக்கவில்லை. தூண்டில் இல்லை என்றால், பிறகு பைக்குள் என்ன என்று சொல்ல வேண்டிவரும். அதைவிட மீனே மேல் என்று விட்டுவிட்டேன்.

நவராத்திரி வந்தது. ஆயுத பூசையன்று என் வழக்கப்படி, பல்கலைக்கழகக் காலத்து நழுவு அளவுகோலையும் வரைகருவிப் பெட்டியையும் சுவாமியறையில் வெள்ளைத் துணி விரித்து வைத்தேன். ஒருவன் கையாளும் கருவிகளில் ஒன்றை வைத்து இன்னொன்றை ஒளிக்க முடியாது. இரும்புப் பெட்டியைத் திறந்து ரைபிளை எடுத்தேன். சுட முடியாதபடி அதன் போல்ட்டைக் கழற்றி வேறு இடத்தில் பூட்டிவிட்டு, ரைபிளையும் துணியின் மேல் கிடத்தினேன். அளவுகோலுக்கு ஒரு பொட்டு, வரைகருவிப் பெட்டிக்கு ஒரு பொட்டு, ரைபிளின் பிடிக்கட்டைக்கு ஒரு பொட்டு. சந்தனத்தின் நடுவே குங்குமம். கற்பூரம் காட்டிக் கும்பிட்டேன். அவலும் கடலையும் சின்னத் தட்டில் ஒருவருக்கு அளவாக இருந்தன.

அப்போது வாசல் மணி அடித்தது.

எல்லாவற்றையும் எண்ணிச் செய்த நான் ஒன்றை எண்ணவில்லை. பூசை நாளில் தமிழர் முன்னறிவித்துவிட்டு வருவதில்லை.

வந்தவர் எங்கள் கோயிலின் செயலாளர். என்னிலும் பதினைந்து வயதுக்கு இளையவர், கணக்காளர். கோயிலில் என்னை வாய் நிறைய அண்ணை என்று அழைத்தவர் அவர் ஒருவர்தான். நான் சங்கிலியைப் போட்டபடியே கதவைத் திறந்தேன்.

“என்ன அண்ணை, சங்கிலியெல்லாம்? திறவுங்கோ, கோயில் அவல் கொண்டந்திருக்கிறன்.”

“ஒரு போன் எடுத்திட்டு வந்திருக்கலாம் நீர்.”

“பூசை நாளில போன் எடுத்திட்டோ வாறது? நல்ல கதை.” சப்பாத்தைக் கழற்றிவிட்டு, “இருங்கோ, முதல்ல கும்பிட்டிட்டு வாறன்,” என்று நேரே சுவாமியறைக்குள் போனார்.

கும்பிடப் போகிறவரை எந்த வீட்டில் யாரால் தடுக்க முடியும்? பின்னால் போனேன். அவர் கூப்பிய கையோடு நின்றிருந்தார்.

“இதென்ன அண்ணை, துவக்கோ?”

“ரைபிள்.”

“அப்ப தூண்டில் இல்லை!” அவர் உரக்கச் சிரித்துவிட்டார். “நான் உங்களுக்காகச் சனத்தோட சண்டை பிடிச்சனான், அண்ணை மீன் பிடிக்கிற ஆள் இல்லையெண்டு.” பிறகு அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல இறங்கியது. குரலைத் தாழ்த்தினார். “அண்ணை, ஆருக்கு இது?”

“எனக்கு.”

“உங்களுக்கோ? உங்களுக்கு ஆரோட சண்டை?”

“ஒருத்தரோடயும் இல்லை. கிளப்பில போட்டிக்கு. அட்டையில சுடுறது.”

“அட்டையில.”

“ஓம். அட்டையில.”

அவர் திரும்பவும் ரைபிளைப் பார்த்தார். “நான் நம்புறன், அண்ணை. நான் நம்புறன் எண்டு வையுங்கோ. சனம் நம்புமோ? அரைவாசிச் சனம், இவர் ஊரில சண்டை பிடிக்கிற பெடியளுக்குச் சாமான் எடுக்கிறார் எண்டு சொல்லும். மற்ற அரைவாசி, இவர் பொலிசின்ர ஆள் எண்டு சொல்லும். இல்லாட்டி ஒரு தமிழனுக்கு இந்த ஊரில ஆர் துவக்குக் குடுப்பினம் எண்டு கேக்கும்.”

“இரண்டும் இல்லையெண்டு நீர் சொல்லலாமே.”

“ஏலாது, அண்ணை. சொல்லச் சொல்லத்தான் கூடும். கோயிலுக்குச் சொந்த இடம் கேட்டுக் கவுன்சிலிட்ட நிக்கிறம். இந்த நேரத்தில எங்கட அறங்காவலர் வீட்டில துவக்கு எண்டு ஆரும் ஒரு போன் அடிச்சா, அவ்வளவும் போச்சு.” அவர் அவல் பொட்டலத்தை மேசையில் வைத்தார். “வித்துப்போடுங்கோ. வாற ஞாயிறு பின்னேரம் கமிட்டிக் கூட்டம். நான் இதைக் கண்டிட்டு மறைக்க ஏலாது. நீங்கள் வந்து, இருந்தது, வித்தாச்சு எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ, விசயம் முடிஞ்சுது. வராட்டி, அந்தக் கதிரை இனி உங்களுக்கில்லையெண்டு நான்தான் சொல்ல வேண்டிவரும். அது என்ர வாயால வர விடாதேங்கோ.”

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்.”

“வேண்டாம் அண்ணை. பிள்ளையள் காருக்குள்ள நிக்குதுகள்.”

முன்பு வேறு நாட்களில் வந்தபோதெல்லாம் அவர் தேநீர் குடிக்காமல் போனதில்லை. பிள்ளைகளும் உள்ளே வராமல் இருந்ததில்லை.

அவர் போன பின் ரைபிளைத் துடைத்து வைக்க எடுத்தேன். சந்தனம் உதிர்ந்தது. குங்குமம் உதிரவில்லை. எண்ணெய் பூசிய மரம் அதை உள்ளே இழுத்துக்கொண்டு, மஞ்சள் வளையத்துக்குள் சிவப்பாக ஒரு தழும்பைக் காட்டியது. சாண்ட்பேப்பரால் மெல்லத் தேய்த்தால் போய்விடும். ஆனால் தேய்த்தால் அது ஆலையிலிருந்து வந்தபடி இருக்காது. இருக்கிறபடி விட்டாலும் அது ஆலையிலிருந்து வந்தபடி இல்லை. நான் நெடுநேரம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பின்னர் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

அந்த ஞாயிறுதான் என்னுடைய முதற்போட்டியும். கென்ட் பக்கத்தில், நகருக்கு வெளியே, காலையில் தொடங்கிப் பொழுது சாயும்வரை நடப்பது. செயலாளருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் கூட்டத்தின் நாள் மாறியிருக்காது. இடையில் இருந்த நாட்களில் அவர் ஒருமுறையும் தொலைபேசியில் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. நான் அழைத்து, இரண்டு வார்த்தை இறங்கிப் பேசியிருந்தால் ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கக்கூடும். ஆனால் செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று நிரூபிக்க என் சொந்தச் சனங்கள் முன் எழுந்து நிற்பது எனக்கு இயலாத காரியம். விற்றுவிட்டேன் என்று சொன்னால், விற்கவேண்டிய ஒன்றை வைத்திருந்தேன் என்று ஆகிவிடும்.

ஞாயிறு காலை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு நடந்தேன். பத்திரிகைக் கடைக்காரர் வாசலில்தான் நின்றார். பையோடு என்னைக் கண்டதும் உள்ளே திரும்பி, அடுக்கியிருந்த பத்திரிகைகளை மறுபடி அடுக்கினார். செய்தி என்னை முந்திக்கொண்டுவிட்டது என்று விளங்கியது.

போட்டியிடத்தில் பரிசோதனை மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி அணிந்த ஓர் ஆங்கிலப் பெண்மணி இருந்தார். ரைபிளைத் தராசில் வைத்து நிறுத்தார். விசையைச் சோதித்தார். கட்டையின் ஓரமாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தவர் பிடிக்கட்டையில் நின்றார்.

“இது என்ன?”

“சந்தனமும் குங்குமமும்.”

“நீங்கள் பூசியதா?”

“ஆம்.”

“எதற்காக?”

எதற்காக என்று அவர் கேட்டார், யாருக்காக என்று கேட்கவில்லை. ஆண்டுக்கொரு நாள் எங்கள் கருவிகளைத் தெய்வத்தின் முன் வைத்துப் பொட்டிடுவோம் என்றேன். என் அளவுகோலுக்கும் அதே பொட்டு உண்டு என்றேன். பக்கத்தில் நின்ற மற்றப் பரிசோதகர் குனிந்து பார்த்தார்.

“பூசினால் நடு வட்டத்தில் விழுமா?”

“இதுவரை அப்படித் தெரியவில்லை,” என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சொன்ன ஒன்றுக்கு மனிதர்கள் சிரித்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. விதிகளைப் புரட்டினார். ஏதும் சேர்க்கப்பட்டுள்ளதா, ஏதும் அகற்றப்பட்டுள்ளதா என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். நகத்தால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். என் ரைபிளையே தீர்ப்பின் முன் நிறுத்தியிருந்தேன். ஆனால் எனக்கு அதில் அவமானம் தோன்றவில்லை. அவர் பார்த்தது மரத்தை.

“மற்றவர்கள் எண்ணெய் பூசித் துடைக்கிறார்கள். நீங்கள் இதைப் பூசுகிறீர்கள்,” என்றார் கடைசியில். “பராமரிப்பு.” ஆலை வகுப்பின் ஒட்டுத்தாளைக் குழலில் ஒட்டி, “அடுத்தவர்,” என்றார்.

பிற்பகலில் என் முறை வந்தது. மேசையில் அமர்ந்து மணல் பைகளைச் சரிசெய்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவேண்டாம் என்று இருந்தும் பார்த்துவிட்டேன். தென் லண்டன் மண்டபத்தில் அப்போது கூட்டம் தொடங்கியிருக்கும். தேவாரம் பாடி முடித்திருப்பார்கள். செயலாளர் என் கதிரையையும் கதவையும் மாறிமாறிப் பார்த்திருப்பார், அல்லது பார்க்காமல் இருக்க முயன்றிருப்பார். கட்டளை வந்தது. தொலைநோக்கிக்குள் முதல் வட்டம் தெளிந்தது. மூச்சை நிறுத்தினேன்.

முடிவில் பட்டியலின் நடுவில் ஓர் இடம் கிடைத்தது. என் கைக்குத் தகுதியான இடம்தான். மற்றவர்கள் தேநீர் மேசைகளைச் சுற்றிக் கூடிப் பேசினார்கள். அளவையாளர் அதற்குள் ஓய்வுபெற்றுக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய்விட்டிருந்தார். அங்கே எனக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை. ஒருவர் தலையசைத்தார், நானும் தலையசைத்தேன். என் அட்டையைத் துளைகள் கசங்காமல் மடித்து உட்பையில் வைத்துக்கொண்டு ரயிலுக்கு நடந்தேன். அதைக் காட்ட ஒருவரும் இல்லை என்பது தெரிந்தும் ஏன் அவ்வளவு கவனமாக மடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வெள்ளி வழக்கம்போலக் கோயிலுக்குப் போனேன். போகாமல் விட்டால் ஒளிந்ததாகும். முன்வரிசையில் கதிரைகள் நெருக்கிப் போடப்பட்டிருந்தன. என்னுடைய கதிரை எது என்று இனிச் சொல்ல முடியாது. நான் பின்னால் போய், பிள்ளைகளோடு வந்த தாய்மாருக்கு அப்பால், சுவரோரம் தரையில் இருந்தேன். பூசை முடிந்து போகும்போது செயலாளர் என்னருகில் நின்றார்.

“வந்தியளோ, அண்ணை?”

“ஓம். வந்தன்.”

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரை யாரோ கூப்பிட்டார்கள். “இந்தா வாறன்,” என்று அவர்களிடம் போனார். என் முதுகுக்குப் பின்னால் எந்த அரைவாசி எதைச் சொன்னது என்று நான் விசாரிக்கவில்லை. என் முன்னால் எவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அட்டையை எடுத்துக் காட்டியிருப்பேனோ என்னவோ.

மறு ஆண்டு ஆயுத பூசையன்று அளவுகோலையும் வரைகருவிகளையும் ரைபிளையும் வெள்ளைத் துணியில் வைத்தேன். பொட்டை அதே தழும்பின் மேல் இட்டேன். அதனால் புதிதாக ஒன்றும் சேர்ந்ததாகாது. அந்த முறை அவலையும் கடலையையும் சற்றுக் கூடுதலாக, பெரிய தட்டில் போட்டிருந்தேன். தேநீருக்குத் தண்ணீரும் கொதிக்கவைத்திருந்தேன். கதவுச் சங்கிலியைப் போடவில்லை. கற்பூரம் எரிந்து அணைந்தது. ரயில் ஒன்று போக, அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. மணி அடிக்கவில்லை. வெளியே இருட்டும்வரை பார்த்திருந்துவிட்டு, ரைபிளைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பின், தட்டில் பாதியை நான் எடுத்துக்கொண்டேன்.